நார்மல் என்று நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து சாரல். குடை இருந்தும் நனைந்தேன், காற்று குடையைத் திருப்பிவிட்டது. வாய்க்காலில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வந்தாயிற்று. உத்தமபாளையத்திலிருந்து சுருளிப்பட்டி வரைக்கும் ஸ்கூட்டர். வழி நெடுக நாற்றங்கால் பச்சை. இருபத்திரண்டு வருடம் லேப் அறைக்குள் அடைந்து கிடந்த ஜமீலாவை நாற்பத்தேழு வயதில் வெளியே அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் பிடித்திருக்கிறது.

மதுரை ஆய்வுக் குழுவில் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். நஸ்ரின் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, "நீ அப்படி என்னம்மா வேலை பாக்குற?" என்று கேட்டாள். கணையத்தில் வரும் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரிகிறது. அதற்கு முன்னாலேயே ரத்தத்திலோ சிறுநீரிலோ எச்சிலிலோ ஏதாவது அடையாளம் கசிகிறதா என்று டாக்டர்கள் தேடுகிறார்கள், அவர்கள் தேடுவதற்கு நான் பிடித்துக் கொடுக்கிறேன் என்றேன். "ஐயே, எச்சிலா?" என்றாள் என் மகள்.

ஐம்பது வயது தாண்டித் திடீரென்று சர்க்கரை வந்து, உடம்பும் இளைத்தவர்கள். அல்லது வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தவர்கள். இவர்கள்தான் எங்கள் பட்டியல்.

இன்று ஆறு பேர். ரத்தம் ஆறு, சிறுநீர் ஆறு, எச்சில் ஐந்து. ஆறாவது ஆளுக்கு வாய் ஊறவே இல்லை. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பாவமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர், "மாங்கா உப்பு மொளகாப்பொடின்னு நெனையிங்கப்பா" என்று சொல்ல, மற்ற ஐந்து பேருக்கும் ஊறிவிட்டது. அவருக்கு மட்டும் இல்லை.

வீட்டு பிரீசர் முழுக்க பக்ரீத் கறி. ஐஸ் ஜெல் பொட்டலம் வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் சிக்கந்தர்: "ஒன்னு ஆட்ட வெளிய எடு, இல்ல ஆசுபத்திரிய வெளிய எடு." ஆடு வெளியே வந்தது. கோலா உருண்டை. எனக்கு நான்கு, அவருக்கு ஏழு.

ஜூன் 12, வியாழன்

வெயில். பட்டியலில் கிராம நர்ஸ் எழுதிக் கொடுத்த பெயர்: தங்கராசு, 57, திராட்சைத் தோட்டம். மூன்று முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. தோட்டத்துக்கே போனேன்.

"குனிஞ்சு வாங்கம்மா. கொலை தலையில இடிக்கும்." பந்தலுக்குள் குனிந்து நின்றபடியே கொடி கட்டிக்கொண்டிருந்தார். இடுப்புப் பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டைகள் இரண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது.

அவருடைய மனைவி ஈஸ்வரி மோர் கொண்டுவந்து கொடுத்தார். "நாலு மாசத்துல எட்டு கிலோ போச்சுக்கா. கேட்டா சுகர் சுகர்ங்கிறாக. எங்க குடும்பத்துல இவுகளுக்கு முன்னாடி யாருக்கும் சுகரே கெடையாது."

கணையப் புற்று ஆய்வு என்று விவரம் சொன்னேன். கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் சிறுநீர், கொஞ்சம் எச்சில், அவ்வளவுதான் என்றேன். கொடி வெட்டும் கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எங்கய்யாவுக்கு இதே நோவுதான். எங்கண்ணனுக்கும் இதேதான். அண்ணனுக்குக் கேன்சருக்குன்னே தனியா ரத்தம் எடுத்தாக. நார்மலுன்னு சொன்னாக. நாலே மாசம்மா. தூக்கிட்டுப் போயிட்டோம். உங்க மேல கோவமில்ல. ரத்தம் பொய் சொல்லுது. பொய் சொல்ற ஆளுகிட்ட ரெண்டாவது தடவ எதுக்குக் கேக்கணும்?"

மோரைக் குடித்தேன். வரும்போது, ஓரத்தில் முந்திப் பழுக்கும் கொடியிலிருந்து ஒரு குலை அறுத்து ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்தார். நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இனி எனக்குத் தங்கராசு அண்ணன். பன்னீர் திராட்சை, தேன் மாதிரி.

ஜூன் 14, சனி

துவைக்கப் போட்டது காயவில்லை. மாடிப்படி விளக்கு மாற்ற வேண்டும். முழங்காலுக்குத் தைலம்.

தங்கராசு அண்ணன் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பயிற்சியில் எழுதிய நோட்டைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டாம் பக்கம், என் கையெழுத்திலேயே: "சிஏ 19-9. கணையப் புற்றுக்கு ரத்தத்தில் பார்க்கும் பொருள். ஆனால் சிலருடைய உடம்பு இந்தப் பொருளைச் செய்யவே செய்யாது. பிறவியிலேயே அப்படி. லூயிஸ் நெகட்டிவ் என்று பெயர், ரத்த வகை மாதிரி. அவர்களுக்குப் புற்று இருந்தாலும் எண் ஏறாது." கீழே அடிக்கோடு போட்டிருக்கிறேன். அன்றைக்கு அடிக்கோடு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பேன்.

சிக்கந்தருக்கு மோட்டார் வைண்டிங் கடை. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பிச் சுருள் கட்டுபவர். அவரிடம் இதைச் சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "மீட்டர்ல பேட்டரி இல்லேன்னா முள்ளு ஜீரோவுல நிக்கும். அதுக்காக ஒயர்ல கரண்ட் இல்லேன்னு கைய வச்சுட முடியுமா?"

இதையே நான் அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

டாக்டர் கிருத்திகாவுக்கு போன். மதுரையில் ஆய்வை நடத்துபவர், முப்பத்தைந்து வயதுதான், என்னை "அக்கா" என்பார். அவர் சொன்னது: "இறந்துபோனவரோட பழைய ரிப்போர்ட் இருந்தா பாருங்கக்கா. எண் வெறும் நார்மலா, இல்ல அடிமட்டத்துல இருக்கான்னு பாக்கணும். அடிமட்டத்துல இருந்தா நீங்க சந்தேகப்படுறது சரி."

ஜூன் 16, திங்கள்

எழுதத்தான் வேண்டும்.

தங்கராசு அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தார். ஈஸ்வரிதான் வீட்டில். இறந்த அண்ணன் பெயர் பெரியசாமி. அவருடைய மருத்துவக் காகிதம் எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில். தூக்கிப் போட மனசு வராமல் தங்கராசு அண்ணனே பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறார். "அவுகளுக்குத் தெரிஞ்சா வைவாக. சீக்கிரம் பாருங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே ஈஸ்வரி எடுத்துக் கொடுத்தார்.

நாலாவதோ ஐந்தாவதோ தாள். நான் முன்பு வேலை பார்த்த லேப்பின் தாள். சிஏ 19-9. எண் அடிமட்டம், கருவி படிக்கக்கூடிய அளவுக்கும் கீழே. எதிரே "நார்மல்".

கீழே கையெழுத்து: ஜ.பீ. ஜமீலா பீவி. "பீ"யின் வாலை நான்தான் அப்படி இழுப்பேன்.

தாளைப் போட்டோ எடுத்தேன். முதல் படம் கலங்கல், மறுபடி எடுத்தேன். ஈஸ்வரி, "என்னக்கா, வேர்க்குது?" என்றார். வெயில் என்றேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

காலை டீயோடு சிக்கந்தரிடம் சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"நீ தப்பா எழுதலையே. மெசின் காட்டுனத எழுதியிருக்க."

உண்மைதான். எண் சரி. ஆனால் ஒருநாளைக்கு எண்பது ரிப்போர்ட் போகும் சன்னலில் நான் தாளை மட்டும் நீட்டுகிறவள் இல்லை. பயந்த முகமாக யாராவது நின்றால், "நார்மல்தான், சந்தோசமாப் போங்க" என்று சொல்வேன். அது என் பழக்கம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பெரியசாமி என்ற முகம் எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஞாபகம் வந்தால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது.

டாக்டர் கிருத்திகாவிடமும் சொல்லிவிட்டேன். "அந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு ஸ்கேன் வேணாம்னு முடிவு பண்ணது நீங்க இல்லக்கா" என்றார். அதுவும் உண்மை. இரண்டு உண்மை இருந்தும் அந்தப் போட்டோவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சிக்கந்தர் கடையிலிருந்து வந்து, தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போயிச் சொல்லிட்டு வா. சொல்லாம நீ அந்த ஆளுக்கு ஊசி குத்த முடியாது. எனக்குத் தெரியும் உன்னைய."

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

அதே பந்தல். குனிந்து நின்றுகொண்டே பேச வேண்டியிருந்தது, யார் முகமும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, அது நல்லதாகப் போயிற்று. அண்ணே, அந்த ரிப்போர்ட் எழுதியது நான் என்றேன். எண் பொய் இல்லை, ஆனால் உங்கள் அண்ணன் உடம்பு அந்தப் பொருளையே செய்யாத உடம்பாக இருந்திருக்கலாம், அது அப்போது எனக்குத் தெரியாது, தெரியாமலே நார்மல் என்று சொல்லிவிட்டேன் என்றேன். மீட்டர் கதையையும் சொன்னேன்.

கொடி கட்டிய கை நின்றது.

"சன்னல்ல பச்ச முக்காடு போட்டுக்கிட்டு ஒரு அம்மா. அது நீங்களா?"

"நான்தான்னு நெனைக்கிறேன்ணே. பச்சை எங்கிட்ட இருந்துச்சு."

"நானும் கூட வந்திருந்தேன்ல. வண்டிய நெழல்ல போட்டுட்டு வாறதுக்குள்ள அவன் சிரிச்சுக்கிட்டு வெளிய வாறான்."

அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்குக் கம்பத்துல புரோட்டாக் கடையில உக்காந்தோம். ஒரு மாசமா கஞ்சி தவிர எறங்காத ஆளு, நாலு புரோட்டா தின்னான். சால்னா இன்னும் ஊத்துய்யான்னு சத்தம் போட்டான். அவன் வயிறாரத் தின்னு நான் பாத்தது அதான் கடைசி." பிறகு, "அதுக்கு உங்களத் திட்டவா, கும்புடவா, எனக்குத் தெரியல தாயி."

ஈஸ்வரி வரப்பில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தார். பந்தலை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து, முண்டா பனியன் தோளைத் தள்ளி, கையை நீட்டினார்.

"எடுங்க."

"இப்பவா? வெறும் வயிறா இருக்கணும்ணே."

"நாளைக்குக் காலையில எடுங்க. பொய் சொல்றவக இப்படி வந்து நிக்க மாட்டாக."

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு. புளிக்குழம்பு, கருவாடு. அப்படி ஒரு பசி.

ஜூன் 19, வியாழன்

7.10. தங்கராசு, சுருளிப்பட்டி. ரத்தம் நான்கு குழாய், முதல் குத்திலேயே. சிறுநீர் சரி. எச்சில் தாராளம், "இது ஒன்னுலயாவது நான் பெரிய ஆளு" என்றார். லூயிஸ் பார்ப்பதற்குத் தனியாக ஊதா மூடிக் குழாய் ஒன்று.

இறந்த அண்ணனின் ரத்தம் இனிக் கிடைக்காது. தம்பியுடையதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

எட்டரைக்குள் ரத்தத்தைச் சென்ட்ரிபியூஜில் சுற்றிப் பிரித்து, பதினோரு மணி வேனில் ஏற்றியாயிற்று. தேனி வழியாக மதுரை.

சின்னமனூர் சந்தையில் நல்ல முருங்கைக்காய். ஒரு கட்டு.

ஜூன் 26, வியாழன்

டாக்டர் கிருத்திகா போன். பேனா கையில் கிடைக்காமல் கண்மையால் காலண்டரில் எழுதினேன்.

தங்கராசு: லூயிஸ் நெகட்டிவ். சிஏ 19-9 அடிமட்டம். அண்ணனுக்கு வந்த அதே எண்.

சிறுநீரில் பார்க்கும் புரதங்கள்: ஏறியிருக்கிறது.

"இத வச்சு முடிவு சொல்ல முடியாதுக்கா" என்று இரண்டு தடவை சொன்னார். சிறுநீர் அடையாளங்கள் இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன. போன மாதம் போடியில் ஒரு டீச்சருக்கு இதே மாதிரி ஏறியிருந்தது, ஸ்கேனில் ஒன்றுமே இல்லை, பழைய கணைய வீக்கம்தான். அந்த அம்மா மூன்று வாரம் தூங்காமல் கிடந்தார். நான்தான் அவர் வீட்டுக்குப் போய் நல்ல செய்தி சொன்னேன். கட்டிக்கொண்டு அழுதார், பிறகு கோபப்பட்டார். இரண்டும் நியாயம்.

ஆனால் தங்கராசு அண்ணனுக்கு அப்பா, அண்ணன், புதுச் சர்க்கரை, எட்டு கிலோ. இது எல்லாம் சேர்ந்தாலே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஆய்வு விதி. சிறுநீர் அதற்கு மேலே ஒன்று. "அடையாளம் இருந்தா நோய் இருக்குன்னு அர்த்தமில்லக்கா. எங்க பாக்கணும்னுதான் அது சொல்லும்" என்றார் டாக்டர். இதை நோட்டில் எழுதி, இம்முறை சாப்பிடப் போவதற்கு முன் மூன்று தடவை படித்தேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது? இனி சிரித்துக்கொண்டு எதையும் சொல்லமாட்டேன். பயமுறுத்தியும் சொல்லமாட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

சொன்னேன். "தெரியலண்ணே. தெரியாததுனாலதான் மதுரைக்குக் கூப்புடுறாக" என்றேன்.

"தெரியலன்னு சொல்ற லேப்புக்கார அம்மாவ இப்பத்தான் பாக்குறேன்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை மறைத்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

மதுரை. கிளம்பும்போது தேனியில் காற்று, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் வெக்கை.

நானும் போனேன். ஆய்வு வேலையாக இல்லை, லீவு போட்டுத்தான் போனேன். வாய்வழியாகக் குழாய் விட்டு, வயிற்றுக்குள்ளிருந்தே கணையத்தைப் பார்க்கும் ஸ்கேன். மயக்கம் கொடுத்துச் செய்வது. தங்கராசு அண்ணன் பச்சை கவுனோடு படுத்திருந்தார், மீசைக்கும் அந்தக் கவுனுக்கும் சம்பந்தமே இல்லை.

ஈஸ்வரியும் நானும் வராண்டாவில். தோட்டத்தில் காய் நிறம் பிடிக்கத் தொடங்கிவிட்டதாம். மழை பெய்தால் வெடித்துவிடுமாம். பேசிக்கொண்டே இருந்தார். அவர்கள் கல்யாணக் கதை: பெண் பார்க்க வந்தபோது இவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எட்டு அதிரசம் சாப்பிட்டாராம். "எங்கம்மா சொன்னாக, வாய் இதுக்குத்தான் இருக்கு போல, சண்ட போட மாட்டான், குடுத்துரலாம்னு."

இரண்டு பேரும் சிரித்தோம். எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் கிருத்திகா வெளியே வந்தார். மாஸ்க்கைக் கழற்றவில்லை, அதைப் பார்த்ததுமே தெரிந்தது. கணையத்தின் வால் பகுதியில் ஒரு சின்னக் கட்டி. சுண்டுவிரல் நகம் அளவு. சாதாரண வயிற்று ஸ்கேனில் கண்ணுக்குத் தப்பியிருக்கும். ஊசியால் துளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஈஸ்வரி கேட்டது ஒன்றே ஒன்று: "அவுக அண்ணனுக்கு எம்புட்டு இருந்துச்சு?"

துணிக்கடைப் பையிலிருந்த பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை ஏற்கெனவே பார்த்திருந்த டாக்டர் கையால் காட்டினார். எலுமிச்சம்பழத்துக்கும் மேலே.

ஈஸ்வரி தன் சுண்டுவிரலைப் பார்த்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று இரண்டு தகரத்தைத் தூக்கிவிட்டது, எங்களுடையது இல்லை, எதிர்வீட்டுடையது.

ஊசி ரிசல்ட்: புற்றுதான். வேறெங்கும் பரவின மாதிரித் தெரியவில்லை. ஆபரேசன் செய்யலாம் என்கிறார்கள். செய்யலாம் என்ற வார்த்தையே இந்த நோயில் பெரிய வார்த்தை. நிறையப் பேரிடம் அதைச் சொல்லவே முடிவதில்லை.

தங்கராசு அண்ணன் கேட்டுக்கொண்டார். பிறகு: "பதினஞ்சு நாள் பொறுக்கச் சொல்லுங்க. காய வெட்டி ஏத்திட்டு வந்துர்றேன். ஒரு வருசமா பொத்திப் பொத்தி வளத்தது."

டாக்டர் போனில் மன்றாடினார். நானும் சொன்னேன். ஆள் அசையவில்லை. பந்தலுக்குள் போய் நின்றுகொண்டார்.

கடைசியில் ஈஸ்வரிதான். கத்தவில்லை, அழவில்லை. கத்தரிகள் இருந்த கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "வெட்டுறதுக்கு எனக்குக் கையில்லையா? உங்க ரெண்டு மச்சினமாருக்குக் கையில்லையா? பக்கத்துத் தோட்டத்து ஆளுக எல்லாம் செத்தா போயிட்டாக? நீங்க போயி உள்ள இருக்கிறத வெட்டிட்டு வாங்க. நான் இங்கன இருக்கிறத வெட்டுறேன்."

தங்கராசு அண்ணன் ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தார். "அடிக்கொலைய மொதல்ல எடு. நெறம் பாத்து எடு."

"எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். நாள் குறித்தாயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

நான் தேனியில், பயிற்சி வகுப்பு. காலை எட்டு மணிக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனை மடியிலேயே வைத்திருந்தேன். எச்சிலைச் சேமிக்கும் முறை பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். ஒரு சொல்லும் ஏறவில்லை.

1.40. ஈஸ்வரியின் தம்பி: "முடிஞ்சுதுக்கா. கண்ணு முழிச்சுட்டாக."

கணையத்தின் வாலையும் மண்ணீரலையும் எடுத்திருக்கிறார்கள்.

மதியம் மீன் குழம்பு போட்டார்கள். வைகை அணை மீன் என்றார் பரிமாறியவர். முள்ளோடு சேர்த்துச் சாப்பிட்டிருப்பேன் போல, தொண்டையில் இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் சிக்கந்தர் முகத்தைப் பார்த்துவிட்டு, பாங்கு சொல்வதற்கு முன்னாலேயே தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எடுத்த துண்டின் முழு ரிப்போர்ட். டாக்டர் கிருத்திகா படித்துக் காட்ட, நான் எழுதிக்கொண்டேன்:

கட்டி சிறியது. கணையத்துக்குள்ளேயே நின்றிருக்கிறது.
வெட்டின ஓரங்கள் சுத்தம்.
நிணநீர் முடிச்சுகள் எல்லாம் சுத்தம்.
முதல் நிலை.
ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். சர்க்கரைக்கு இனி ஊசி.
திரும்ப வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வராமல் இருக்க நல்ல வாய்ப்பு.

கடைசி இரண்டு வாக்கியத்தையும் தங்கராசு அண்ணனிடம் சொல்லச் சொன்னேன். டாக்டர், "சொல்லிட்டேன்கா. 'ரெண்டையும் சொன்னதுக்கு நன்றி தாயி'ன்னார்" என்றார்.

தோட்டத்துக் காய் முழுக்க வெட்டியாயிற்றாம். மழைக்கு முன்னாலேயே. பதினேழு பேர் வந்து வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். மேகமலைப் பக்கம் மேகம். காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன் என்றுதான் சிக்கந்தரிடம் சொன்னேன். துணி எடுக்காமலே இறங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பழைய லேப்புக்குப் போனேன். முதலாளிக்கு என்மேல் மரியாதை உண்டு. விசயத்தைச் சொன்னேன். முதலில், "நம்ம லேப் மேல பழி வருமாம்மா?" என்றார். பிறகு உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். அவருக்கும் லூயிஸ் என்பது புதிது.

இனி சிஏ 19-9 ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு வரி அச்சடிப்பதாக ஒத்துக்கொண்டார். வாசகம் நான் எழுதிக் கொடுத்தேன், டாக்டர் கிருத்திகா திருத்தினார்: "இந்த எண் இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று பொருளில்லை. சிலருடைய உடலில் இது உருவாவதே இல்லை. மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்."

கிளம்பும்போது சன்னலைப் பார்த்தேன். புதுப் பெண், இருபத்தைந்து இருக்கும். பயந்துபோய் நின்ற ஒரு பெரியவரிடம் தாளை நீட்டி, "டாக்டர்கிட்ட காட்டுங்கய்யா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எத்தனை பேருக்கு நான் அதைச் சொல்லாமல் விட்டிருப்பேன்? கணக்கில்லை. அது எப்போதும் கூடவே இருக்கும். இருக்கட்டும்.

கருவேப்பிலை, கொத்தமல்லி, ஸ்கூட்டருக்கு ஆயில்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கடையில் நின்றுகொண்டிருக்கும்போது போன். தங்கராசு அண்ணன்.

"தாயி, அரைக் கிலோ ஏறிட்டேன்."

"எந்தத் தராசுலண்ணே?"

"திராட்ச நிறுக்கிற தராசுல. அது பொய் சொல்லாது."

பின்னால் ஈஸ்வரி: "சட்டையோட நின்னாக. சட்டையக் கழிங்கக்கா."

முதல் மருந்து ஏற்றிவிட்டார்கள். இரண்டு நாள் வாந்தி, மூன்றாம் நாள் சரி. வாய் கசக்கிறதாம். இட்லி இறங்குகிறது. தோட்டத்துக்கு நடந்து போய்த் திரும்புகிறார். கவாத்துக்குக் கொடி வெட்டும்போது ஆட்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருப்பதாக ஈஸ்வரி புகார்.

நஸ்ரின் விடுமுறைக்கு வருகிறாள். மெத்தையை வெயிலில் போட வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சுருளிப்பட்டி சமுதாயக் கூடம். நல்ல வெயில், காற்று அடங்கிவிட்டது.

ஏழு மணிக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. தங்கராசு அண்ணன் குடும்பம். சித்தப்பா மகன்கள், அத்தை மகள், இன்னும் யார் யாரோ, பதினோரு பேர். தங்கராசு அண்ணன் முன் சீட்டில் துண்டு போர்த்திக்கொண்டு. தொப்பி வேறு. "எல்லாரும் வெறும் வயிறுதான். நான் பாத்துட்டேன்" என்றார். அத்தை மகள், "நான் ஒரு வா காப்பி..." என்றதும் கூட்டமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவரை நாளைக்கு வரச் சொன்னேன். "எல்லாரோடயும் போனாத்தான் பயமில்லாம இருக்கும்" என்று அழாத குறையாகக் கேட்டார். ஈஸ்வரி கூட வருவதாகச் சொல்லிச் சமாதானம் பண்ணினார்.

கூட்டத்தின் கடைசியில் ஒரு அம்மா. ஐம்பத்தைந்து இருக்கும். இரு பக்கமும் இரண்டு மகன்கள், முப்பது தாண்டியவர்கள். தங்கராசு அண்ணன் எழுந்து வந்து, "எங்க மதினி. முத்துலட்சுமி. அண்ணன் பெஞ்சாதி" என்றார்.

எனக்குக் கையுறை மாட்ட வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"கொழுந்தனாரு எல்லாஞ் சொன்னாரும்மா."

"அக்கா, நான்..."

"அதான் உங்ககிட்டயே கூட்டியாந்தேன். வேற ஆளுன்னா சரியாப் பாப்பாகளோ என்னமோ. நீங்க பாப்பீக." மூத்த மகனைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "இவனுக்கு நரம்பு லேசுல கெடைக்காது. அவுகப்பா மாதிரி. பதறாம எடுங்க."

பெயர், வயது, எடை எழுதினேன். லூயிஸ் பார்க்க ஊதா மூடி ஒன்று கூடுதலாக எடுத்து வைத்தேன். மேல்கையில் ரப்பர் பட்டை கட்டி, முழங்கை மடிப்பில் விரலால் தேடினேன். முதல் குத்தில் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறு கையைக் கேட்டேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டாவது குத்தில் வந்தது. முத்துலட்சுமி அக்கா மட்டும் பக்கத்திலேயே நின்று, குழாய் நிறைவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.